பூமியின் நெஞ்சைக் கண்டறிந்த பெண்மணி

சந்தையில் தேங்காய் வாங்கும் நம் அன்னையரை நாம் கவனித்திருக்கிறோம் அல்லவா? காயை உடைத்துப் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டார். ஆகவே அவர்கள் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். உள்ளே நீர் தளும்பும் ஓசையைக் கொண்டே அது இளங்காயா, முற்றிய காயா என்று சொல்லிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காதால் அறியும் இக்கலை அவர்களுக்குக் கைவந்தது.

நாம் வாழும் பூமியும் உடைத்துப் பார்க்க முடியாத ஒரு பெருங்காயே. அதன் மேற்பரப்பிலிருந்து நடு மையம் வரை 6,371 கிலோமீட்டர். மனிதன் தோண்டிய துளைகளில் மிக ஆழமானது ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அதுவும் 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. காயின் தோலைக்கூட நாம் முழுமையாகக் கீறவில்லை என்றே சொல்லலாம்.

அப்படியிருக்க, பூமியின் நட்டநடுவே தனியானதோர் உருண்டை இருக்கிறது என்று 1936-ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி உலகுக்கு அறிவித்தார். அதற்காக அவர் எந்தச் சுரங்கத்திலும் இறங்கவில்லை. பூமி தானே அதிர்ந்த வேளைகளில் எழுந்த அலைகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையுடன் கவனித்தார். அவரே டென்மார்க் நாட்டு அறிஞர் இங்கெ லேமன் அம்மையார். அவர்தம் வாழ்வை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் பள்ளி வாழ்வும்

லேமன் அம்மையார் 1888-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் லேமன், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். மனித மனத்தைச் சோதனைகள் வாயிலாக ஆராயும் முறையை அந்நாட்டில் தொடங்கி வைத்தவர். தாயார் பெயர் ஐடா. தங்கை ஹாரியட் பின்னாளில் நாடக நடிகையானார்.

ஆணுக்கு ஒரு கல்வி, பெண்ணுக்கு ஒரு கல்வி என்று பிரித்துப் பார்த்த காலம் அது. ஆனால் சிறுமி இங்கெ சேர்ந்த பள்ளி வேறு விதமானது. இயற்பியல் கற்றுத் தேர்ந்த ஹன்னா ஆட்லர் என்னும் அம்மையார் அதை நிறுவி நடத்தி வந்தார். அணு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போருக்கு அவர் பெரியம்மா முறை. அப்பள்ளியில் சிறுவரும் சிறுமியரும் ஒரே வகுப்பில் ஒரே பாடங்களைக் கற்றனர். சிறுமியர் பந்து விளையாடினர்; சிறுவர் ஊசியும் நூலும் பிடித்துத் தையல் பழகினர். அறிவில் ஆண் பெண் வேறுபாடு உண்டு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. உலகம் முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று இங்கெ நம்பினார். அது அவ்வாறில்லை என்பதைப் பின்னாளில் வருத்தத்துடன் அறிந்துகொண்டார்.

வகுப்புப் பாடங்கள் அவருக்கு மிக எளிதாக இருந்தன. அதனால் சலிப்பும் தட்டியது. அதைக் கண்ட கணக்கு ஆசிரியர் அவருக்கென்று தனியாகக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. மெலிந்த உடல் கொண்ட மகளுக்கு இந்தச் சுமை எதற்கு என்று கவலைப்பட்டார்கள். மகளின் எண்ணமோ வேறு. உடலைத் தளர்த்தியது சலிப்புத்தான், மூளைக்கு வேலை கிடைத்திருந்தால் இன்னும் தெம்பாக இருந்திருப்பேன் என்பதே முதுமையிலும் அவர் கொண்டிருந்த கருத்து. அன்பு மிகுதியால் நம் சுமையைக் குறைக்க விரும்பும் பெற்றோர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அவருக்கு 15, 16 வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தாயுடனும் தங்கையுடனும் வீட்டில் அமர்ந்திருந்தார். திடீரெனக் காலடியில் தரை மெல்ல அசைந்தது. கூரையில் தொங்கிய விளக்கு ஊஞ்சலாடியது. நிலநடுக்கம் மிக அரிதான டென்மார்க்கில் அது ஓர் அதிசயம். அந்த விளக்கின் ஆட்டத்துக்கும் தம் வாழ்க்கைக்கும் தொடர்பு ஏற்படும் என்று அன்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

தளர்ச்சியும் மீட்சியும்

1907-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலத் தொடங்கினார். 1910-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். ஹன்னா ஆட்லர் பள்ளியின் சுதந்திரம் அங்கே இல்லை. மகளிருக்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. ஆண்கள் எழுதும் தேர்வையே பெண்கள் எழுதினாலும், அவர்களுக்கு முழுமையான பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் 1948 வரை முன்வரவில்லை.

ஓய்வின்றிப் படித்துப் படித்து அவர் உடல் நலிந்தது. 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் படிப்பை முடிக்காமலேயே தாய்நாடு திரும்பினார். வகுப்பில் எப்போதும் முன்னணியில் நின்றவருக்கு இது எத்தகைய அடி! அவருடைய கல்வி இத்துடன் முடிந்தது என்று பலரும் நினைத்திருக்கக்கூடும். அவரோ ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கிடும் வேலையில் அமர்ந்தார். எண்களோடு எண்களாகச் சில ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. நீண்ட கணக்குகளைப் பிழையின்றிப் போடும் திறமை அங்கேதான் அவருக்குக் கைகூடியது.

1918-இல் மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்தார். 1920-இல், தம் 32-ஆவது வயதில், பட்டம் பெற்றார். 1925-இல் நில அளவைத் துறையின் தலைவர் நோர்லுண்ட் அவரைத் தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். டென்மார்க்கிலும் அதன் ஆளுகைக்குட்பட்ட கிரீன்லாந்திலும் நில அதிர்ச்சிகளைப் பதிவு செய்யும் நிலையங்களை அமைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அதற்கு முன் அத்தகைய கருவியை அவர் கண்ணால் கண்டதில்லை. வயதோ 37. ஆயினும் தயங்காமல் புத்தகங்களை வாங்கித் தாமே கற்கலானார். 1927-இல் ஜெர்மனி, பிரான்சு முதலிய நாடுகளுக்குச் சென்று அறிஞர்களிடம் பாடம் கேட்டார். 1928-இல் முதுநிலைப் பட்டம் பெற்று, நாட்டின் நில அதிர்ச்சித் துறைக்குத் தலைவரானார். அப்பதவியில் 25 ஆண்டுகள் பணியாற்றினார்.

நில அதிர்ச்சி அலைகள்

அவர் கண்டறிந்தது இன்னதென்று விளங்க, நிலநடுக்கத்தைப் பற்றி நாம் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். பூமியின் மேலோடு பல பெரும் பாளங்களாகப் பிளவுபட்டுள்ளது. அவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் மெல்ல நகர்கின்றன. பாறைகள் ஒன்றையொன்று நெருக்கும் இடங்களில் பல்லாண்டுகளாக இறுக்கம் சேர்கிறது. வளைத்துப் பிடித்த மூங்கில் ஒரு கட்டத்தில் படீரென்று முறிவது போல, தாங்க முடியாத நிலையில் பாறை உடைந்து வழுக்குகிறது. அந்த அதிர்வு அலைகளாக நாற்புறமும் பரவுகிறது.

பூமியின் உள்ளே செல்லும் அலைகள் இரு வகை. காலை வணக்கத்தின்போது நாம் வரிசையில் நெருங்கி நிற்கிறோம். கடைசியில் நிற்பவள் முன்னிருப்பவளை இடித்தால், அந்த இடி வரிசையின் முதல் ஆள் வரை ஒவ்வொருவராகத் தாக்கிச் செல்கிறது. இவ்வாறு நெருக்கித் தளர்த்திச் செல்வது முதனிலை அலை. கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையை மேலும் கீழும் உதறினால் நெளிவு ஓடுகிறது. இவ்வாறு குறுக்காக அசைத்துச் செல்வது இரண்டாம் நிலை அலை. முதலாவது விரைவானது, எப்போதும் முந்தி வந்து சேரும். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு மேகத்தின் தூரத்தை அறிவது போல, இவ்விரு அலைகளும் வந்து சேரும் நேர இடைவெளியைக் கொண்டு நடுக்கம் நிகழ்ந்த தூரத்தைக் கணக்கிடலாம். மூன்று நிலையங்களின் கணக்கை ஒப்பிட்டால் இடமும் தெரிந்துவிடும். நிலப்பரப்பின் மீதே தவழ்ந்து வரும் அலைகளும் உண்டு. அவை பிந்தி வந்தாலும் கட்டடங்களுக்குப் பெருஞ்சேதம் விளைவிப்பவை.

முக்கியமான வேறுபாடு இன்னொன்று உண்டு. முதனிலை அலை கல், நீர் எதனூடும் செல்லும். இரண்டாம் நிலை அலையோ திரவத்தினூடே செல்லாது. அறிஞர்களுக்குக் கிடைத்த திறவுகோல் இதுவே.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அஸ்ஸாம் பகுதியைக் குலுக்கிய பெரும் பூகம்பத்தை இந்திய நில ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஓல்டாம் ஆராய்ந்தார். மேற்கூறிய அலைகளைப் பதிவுகளில் தனித்தனியே இனங்கண்டவர் அவரே. பூமிக்குள் கரு ஒன்று உண்டு என்பதை 1906-இல் அவர் எடுத்துக்காட்டினார். அக்கரு 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று ஜெர்மானிய அறிஞர் குட்டன்பர்க் கணக்கிட்டார். இரண்டாம் நிலை அலைகள் அதனூடே வராததையும் வேறு சான்றுகளையும் கொண்டு, அது திரவமே என்று ஆங்கில அறிஞர் ஜெப்ரீஸ் 1926-இல் கூறினார்.

திரவக் கருவுக்குள் நுழையும் முதனிலை அலை, நீரில் நுழையும் ஒளியைப் போல வளைகிறது. அதனால் பூமியின் மறுபக்கத்தில் ஒரு வளையப் பகுதிக்கு அந்த அலைகள் போய்ச் சேரக் கூடாது. விளக்கின் முன் வைத்த செம்பின் நிழல் சுவரில் விழுவதைப் போன்றது இது. ஆகவே அதை நிழற்பகுதி என்றனர். பூமியின் மேலோடு, அதன் கீழே பாறைக் கவசம், நடுவில் திரவக் கரு. இத்துடன் பூமியின் அமைப்பு முழுவதும் விளங்கிவிட்டது என்றே உலகம் எண்ணியது.

நிழலில் தெரிந்த சிறு கீறல்

1929-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் காலை நியூசிலாந்தின் தென் தீவில் மர்ச்சிசன் என்னும் ஊரருகே பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்து ஆறுகளை அடைத்தன, உயிர்களும் பலியாயின. நியூசிலாந்து ஏறத்தாழ ஐரோப்பாவின் காலடியில், உலக உருண்டையின் மறுபக்கத்தில் இருக்கிறது. எனவே அங்கிருந்து கிளம்பிய அலைகள் பூமியின் கருவை ஊடுருவி, சுமார் 20 நிமிடங்களில் ஐரோப்பிய நிலையங்களின் ஊசிகளை அசைத்தன.

லேமன் அம்மையார் பல நாட்டுப் பதிவுகளையும் வரவழைத்து ஒப்பிட்டார். ரஷ்யாவிலுள்ள சுவெர்ட்லாவ்ஸ்க், இர்குட்ஸ்க் ஆகிய நிலையங்களின் தாள்களில் அவர் பார்வை நின்றது. அவை நிழற்பகுதியில் உள்ளவை. அலை வரக்கூடாத அங்கே, சிறியதாயினும் தெளிவான அலை பதிவாகியிருந்தது.

இத்தகைய கீறல்களை மற்ற அறிஞர்களும் கண்டதுண்டு. கருவின் விளிம்பைச் சுற்றி வளைந்து வந்த அலையின் எச்சம் என்று அவர்கள் கூறிவந்தனர். இந்த விளக்கம் அம்மையாருக்கு மனநிறைவு தரவில்லை. பதிவு தவறா, நாம் நம்பும் பூமிப்படம் தவறா என்று ஆராயப் புகுந்தார்.

கணிப்பொறி இல்லாத காலம் அது. உதவியாளரும் போதுமான அளவில் இல்லை. ஒவ்வொரு நிலநடுக்கத்தின் விவரத்தையும், அலைகள் ஒவ்வொரு நிலையத்தையும் அடைந்த நேரத்தையும் சிறு அட்டைகளில் எழுதினார். அவற்றை ஓட்ஸ் அடைத்து வரும் காலி அட்டைப் பெட்டிகளில் வரிசைப்படுத்தி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டுத் தோட்டத்துப் புல்வெளியில் மேசை போட்டு, அப்பெட்டிகளுக்கு நடுவே அவர் அமர்ந்திருந்த காட்சியை உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். உலகின் மையத்தை அளந்த சாதனம் அடுக்களையின் காலி அட்டைப் பெட்டி! வசதி வரட்டும், பிறகு படிக்கலாம் என்று சொல்லும் நமக்கு இது ஓர் இனிய குட்டு.

பிறகு அவர் ஓர் எளிய கணக்குப் போட்டார். திரவக் கருவின் நடுவே, அலைகள் அதைவிட வேகமாகச் செல்லும் இன்னோர் உருண்டை இருப்பதாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதன் மீது படும் அலைகளில் சில திசைமாறித் தெறித்து, நிழற்பகுதிக்குள் வந்து விழும் என்று கணக்குக் காட்டியது. ரஷ்யத் தாள்களில் கண்ட கீறல்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது!

1936-இல் தம் முடிவை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அக்கட்டுரையின் தலைப்பு, கருவைக் கடந்து வரும் முதனிலை அலையைக் குறிக்கும் ஒற்றை எழுத்தும் ஒரு சிறு கோடும் மட்டுமே. இவ்வளவு பெரிய செய்திக்கு இவ்வளவு சிறிய பெயர்! உட்கருவின் ஆரம் சுமார் 1,400 கிலோமீட்டர் இருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். இன்றைய கருவிகள் கூறும் அளவு ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர். அட்டைகளையும் பென்சிலையும் கொண்டு அவர் எவ்வளவு நெருங்கி வந்துவிட்டார்!

குட்டன்பர்க்கும் அமெரிக்க அறிஞர் ரிக்டரும் இரண்டாண்டுகளில் இக்கருத்தை ஏற்றனர். தயங்கிய ஜெப்ரீசும், பழைய விளக்கம் பொருந்தாது என்பதைத் தம் கணக்கிலேயே கண்டு 1939-இல் ஏற்றுக்கொண்டார். அந்த உருண்டை எத்தகையது என்பதை லேமன் அம்மையார் அறுதியிட்டுச் சொல்லவில்லை. தெரிந்த எல்லையோடு நின்றுகொண்டார். அது திட இரும்பாக இருக்கலாம் என்று 1940-இல் பிரான்சிஸ் பர்ச் கூறினார். பிற்கால ஆராய்ச்சிகள் அதை உறுதிப்படுத்தின. 5,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்திலும், மேலுள்ள பாரத்தின் அழுத்தத்தால் அது உருகாமல் நிற்கிறது. அதைச் சூழ்ந்த இரும்புத் திரவத்தின் ஓட்டமே பூமியைக் காந்தமாக்குகிறது. மாலுமியின் திசைகாட்டி வடக்கு நோக்கி நிற்பதும், சூரியனிலிருந்து சீறிவரும் துகள்களிலிருந்து நாம் காக்கப்படுவதும் அக்காந்தத்தாலேயே.

மறுக்கப்பட்ட பதவியும் தளராத உழைப்பும்

இத்தனை புகழ் பெற்றவருக்குத் தாய்நாட்டில் எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை. 1952-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் ஆராயப்பட்டது. ஆனால் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. மறு ஆண்டு, 65-ஆம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அந்த ஏமாற்றத்தோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. அமெரிக்க அறிஞர் யூவிங்கின் அழைப்பை ஏற்றுக் கடல் கடந்தார். நியூயார்க் அருகிலுள்ள லாமாண்ட் ஆய்வுக்கூடத்தில் பலமுறை தங்கி ஆராய்ந்தார். புவியின் மேற்கவசத்தில், சுமார் 220 கிலோமீட்டர் ஆழத்தில் அலைகளின் வேகம் திடீரென மாறுவதைக் கண்டுபிடித்தார். இன்று அந்த எல்லைக்கு லேமனின் பெயரே வழங்குகிறது. ஓய்வு பெற்றபின் செய்த ஆராய்ச்சி அவர் பெயரைப் பூமிக்குள்ளேயே பொறித்துவிட்டது!

பெருமைகளும் தாமே தேடி வந்தன. 1968-இல், அவருக்குப் பேராசிரியர் பதவி தராத அதே கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1969-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டு உறுப்பினராக்கியது. 1971-இல் அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கம் தன் உயர்ந்த விருதான பவுயீ பதக்கத்தை வழங்கியது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 1987-இல், தம் 99-ஆவது வயதில், நில அதிர்ச்சி ஆராய்ச்சியின் பழைய நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. தோட்டம், மலையேற்றம், ஓவியம், இசை ஆகியவற்றில் நாட்டம் கொண்டு நிறைவாக வாழ்ந்தார். 1993-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், 104 வயது நிரம்பிய நிலையில் கோபன்ஹேகனில் மறைந்தார். 2017-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

நாம் பெறும் பாடம்

லேமன் அம்மையாரின் வாழ்வை எண்ணும்போது நம் நெஞ்சில் நிற்பவை இரண்டு. 23 வயதில் படிப்பு தடைப்பட்டுத் திரும்பியவர், 32 வயதில் பட்டம் பெற்று, 37 வயதில் புதியதொரு துறையைக் கற்று, 48 வயதில் உலகை வியக்க வைத்தார். தேர்வில் ஒருமுறை தவறினாலோ, நோயால் ஓராண்டு வீணானாலோ, எல்லாம் போயிற்று என்று கலங்கும் தோழியருக்கு இவ்வெண்களே ஆறுதல் சொல்லும்.

மற்றொன்று, அந்தச் சிறு கீறல். இருக்கக்கூடாத இடத்தில் இருந்ததால் பிறர் அதற்குப் பழைய காரணத்தையே சொல்லி நகர்ந்தனர். அவரோ அதைப் பொருட்படுத்தினார். அறிவியல் கூடத்தில் நம் சோதனை விடை புத்தகத்து விடையோடு ஒத்துவராதபோது, அவசரமாக அழித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளின் எண்ணை எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இனி அழிப்பான் கையில் எடுக்குமுன் ஒரு நிமிடம் நின்று, அந்த எண் ஏன் வந்தது என்று கேட்டுப் பார்ப்போம். பெரும்பாலும் நம் பிழையாகவே இருக்கும். என்றேனும் ஒருநாள் அது பூமியின் நெஞ்சிலிருந்து வந்த செய்தியாகவும் இருக்கக்கூடும் அல்லவா?